முகத்தில் தெரியும் குடி: வாசகர் கேள்வி பதில்

மதுவுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. என் வீட்டுக்காரரும் மதுவைத் தொடமாட்டார். மாதம் முடியும்போது அவர் முகம் தெளிந்து, கண்ணுக்குக் கீழே இருந்த உப்பல் போய்விடுகிறது. தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் பழைய முகம் திரும்பிவிடுகிறது. இது விரதத்தின் பலனா, குடிக்காததன் பலனா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: இரண்டுக்கும் பங்கு உண்டு, அம்மா. ஆனால் பெரும்பங்கு மது நின்றதற்குத்தான். மது உள்ளே போனதும் தோலின் சிறு இரத்தக்குழாய்கள் விரிகின்றன. இமையைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது என்பதால் அங்கே நீர் சுலபமாகத் தேங்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. அதனால் இரவில் நீர் அதிகமாக வெளியேறுகிறது. மறுநாள் உடல் அதை ஈடுகட்ட உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பில்டாங் (உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி), சிப்ஸ், வறுத்த கடலை என்று கூடவே போகும் உப்பும் சேர்கிறது. நள்ளிரவுக்குப் பின் தூக்கமும் கலைகிறது.

மதுவை நிறுத்திய மூன்று நான்கு நாளில் இந்த உப்பல் வடியும். மேல்தோல் அடியிலிருந்து புதிதாகி மேலே வர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புரட்டாசி முடியும்போது முகம் தெளிவதற்கு இதுவும் ஒரு காரணம். சொரியாசிஸ் போன்ற நோய்கள் அடங்க 2, 3 மாதம்கூட ஆகலாம். மூக்கிலும் கன்னத்திலும் விரிந்து நிலைத்துவிட்ட நுண்குழாய்கள் மட்டும் தாமாக மறையாது. அவற்றுக்கு லேசர் தேவைப்படும். எது காரணம் என்று நீங்களே சோதிக்க விரும்பினால், வேறொரு மாதத்தில் உணவை மாற்றாமல் மதுவை மட்டும் நான்கு வாரம் விடச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அதே ஜன்னல் அருகே, அதே காலை நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், புரட்டாசி பிறந்த அன்றே ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்டவர்கள் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய், மருந்தின் துணையோடு நிறுத்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நடுக்கத்துக்கான மருந்தோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். மதுப்பழக்கத்திலிருந்து மீள உதவும் சான்கா அமைப்பின் டர்பன் கிளையிலும் வழிகாட்டுவார்கள். சாமிக்காக நிறுத்துகிறவருக்கு டாக்டரின் துணை இருப்பதால் விரதம் குறைபட்டுவிடாது.

கேள்வி: ஒவ்வொரு கிளாஸ் மதுவுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால் தோல் வறளாது என்கிறார்களே? (மெரிபேங்க்)

பதில்: தலைவலியும் தாகமும் குறையும், குடிக்கும் வேகமும் மட்டுப்படும். அந்த வகையில் நல்ல பழக்கம். தோலின் மேலடுக்கில் ஈரம் நிற்பது அங்குள்ள கொழுப்புப் படலத்தைப் பொறுத்தது. வயிற்றுக்குள் போகும் தண்ணீர் அதை நேராகச் சரிசெய்யாது. குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, வாசனை சேராத களிம்போ ஏக்வியஸ் கிரீமுக்குப் பதில் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்டோ தடவுங்கள். ஏக்வியஸ் கிரீமைத் தடவி அப்படியே விடுவது சிலருக்கு எரிச்சல் தருகிறது; அதை சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 34 வயது. அரை கிளாஸ் வெள்ளை வைன் குடித்தாலே கன்னமும் மூக்கும் அனலாக எரிகின்றன. என் நிறம் கறுப்பு என்பதால் சிவப்பாகத் தெரிவதில்லை, கருஞ்சிவப்பாக இருண்டுவிடுகிறது. சிறு பருக்களும் வருகின்றன. சீன நாட்டுத் தோழி, "எங்களுக்கும் அப்படித்தான்" என்கிறாள். இது அலர்ஜியா? (லெனேசியா)

பதில்: உங்கள் தோழிக்கு நடப்பது வேறு. மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதைச் சிதைக்கும் நொதி கிழக்கு ஆசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே மந்தம். நச்சு தேங்குவதால் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அப்படி முகம் சிவந்தும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். தமிழ் வம்சாவளியினரிடம் இந்த மரபணு மாற்றம் அரிது. ஆகவே உங்கள் விஷயத்தில் முதலில் இரண்டைப் பார்க்க வேண்டும்: நீங்கள் எடுக்கும் மருந்துகள், அப்புறம் முகம் அடிக்கடி சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோய்.

மருந்துகளில், பல்லுக்கோ வயிற்றுக்கோ பெண்களின் தொற்றுக்கோ தரும் மெட்ரோனிடசோல், டினிடசோல் மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் முகம் எரியலாம், வாந்தி வரலாம். மாத்திரை முடிந்த பின்னும் மூன்று நாள் மது வேண்டாம். குடியை நிறுத்துவதற்காகத் தரும் டைசல்ஃபிராமும் இப்படிச் செய்யும். அது அதற்காகவே தரப்படுவது. எக்சிமாவுக்கு முகத்தில் டாக்ரோலிமஸ் களிம்பு தடவுகிறவர்களுக்கு ஒரு வாய் மதுவிலேயே தடவிய இடம் எரிந்து சிவக்கும். இதை நோயாளிகள் களிம்பின் அலர்ஜி என்று நினைத்து நல்ல மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

மருந்து எதுவும் இல்லையென்றால் ரோசேசியாவுக்கே வாய்ப்பு அதிகம். வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் நிறத்தில் அது தெரியாததால் "பரு" என்றே பல வருடம் வைத்தியம் நடக்கிறது. பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். ரோசேசியாவில் அவை இருக்காது. சோப்புப் பட்டாலே எரிச்சல், வெயிலில் நின்றால் கன்னம் கொதிப்பது, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், இவை இருந்தால் தோல் டாக்டரிடம் "ரோசேசியாவா?" என்று கேட்டே விடுங்கள். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், வெள்ளை வைனும் கடும் மதுவகைகளும் ரோசேசியா புதிதாக வருவதோடு தொடர்புள்ளவையாகக் காணப்பட்டன. ஏற்கெனவே உள்ளவர்களுக்குச் சிவப்பு வைனும் தூண்டும்.

மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல், அசிலாயிக் ஆசிட் 15 சதவீதம், ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம் ஆகியவற்றில் ஒன்றை டாக்டர் தருவார். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மது, சூடான டீ, மிளகாய் தூக்கலான கறி, வெயில், அடுப்புச் சூடு, இவற்றில் எதற்குப் பின் எத்தனை நிமிடத்தில் எரிந்தது என்று. கறியே கூடாது என்று யாராவது பொதுவாகச் சொன்னால் கேட்க வேண்டாம். உங்கள் நோட்டு சொல்வதை மட்டும் விடுங்கள். ஸ்டீராய்டு கிரீம் மட்டும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் அடக்கிவிட்டு, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக்கும். குடித்ததும் தடிப்பு தடிப்பாக வீங்கி, உதடு பெருத்து, மூச்சு இழுத்தால் அதுதான் அலர்ஜி. அப்போது உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதிலாக உதிரும் சொரியாசிஸ் எட்டு வருடமாக இருக்கிறது. வெள்ளியும் சனியும் 6 பீர் வீதம் குடிப்பேன், வாரநாளில் தொடமாட்டேன். டாக்டர் மெதோட்ரெக்சேட் எழுதப் போகிறார். பீரை விட்டு கேனுக்கு (கரும்புச் சாராயத்துக்கு) மாறினால் போதுமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: போதாது, தம்பி. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரியும். பாட்டிலில் உள்ள மி.லி.யை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹாலின் கிராம் கிடைக்கும். 340 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 13.6 கிராம். பன்னிரண்டு பாட்டிலுக்கு வாரம் 163 கிராம். 43 சதவீத கேன் 25 மி.லி. ஒரு டாட் என்றால் 8.6 கிராம். ஆக, உங்கள் வாரப் பீர் 19 டாட் கேனுக்குச் சமம். வீட்டில் கையளவாக ஊற்றும்போது ஒரு ஊற்றே இரண்டு டாட் ஆகிவிடும்.

இந்த 163 கிராமும் இரண்டு இரவில் போவது இன்னும் கெடுதல். மது உடலில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைக் கூட்டுகிறது. சொரியாசிஸும் அதே பாதையில் நடக்கும் நோய். குடிக்கிறவர்களுக்கு அது அதிக இடத்தில் பரவுகிறது, மருந்துக்கும் குறைவாகவே அடங்குகிறது. பீரையே குறிப்பாகச் சுட்டிய ஆய்வும் உண்டு: 80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், வாரம் ஐந்தோ அதற்கு மேலோ சாதாரண பீர் குடித்த பெண்களுக்குச் சொரியாசிஸ் புதிதாக வருவது கூடுதலாக இருந்தது. அதற்காகக் கேன் நல்லது என்று பொருள் கொள்ள முடியாது. மெதோட்ரெக்சேட் கல்லீரலைத் தொடும் மருந்து, ஆல்கஹாலும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பதைக் கல்லீரல் பார்ப்பதில்லை.

ஆகவே டாக்டரிடம் "எப்பவாவது கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். "வாரம் 163 கிராம், இரண்டு இரவில்" என்று எண்ணாகச் சொல்லுங்கள். மருந்தையும் அளவையும் ரத்தப் பரிசோதனை இடைவெளியையும் அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். ஒருவேளை வேறு மருந்துக்கே மாறலாம். மருந்து தொடங்கினால் மதுவை முழுக்க விடுவதே எங்கள் அறிவுரை.

மெதோட்ரெக்சேட்டில் உயிரைப் பறித்த தவறு ஒன்று உலகெங்கும் நடக்கிறது: வாரம் ஒரு முறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்துவிடுவது. ஒரு கிழமையைத் தேர்ந்து, "செவ்வாய் மட்டும்" என்று மருந்துப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அதே நாளில் சேர்க்காமல் டாக்டர் சொன்ன வேறு நாளில் எடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் நம் கிளினிக்குகளில் சாதாரணமாகத் தருவது. மெதோட்ரெக்சேட் எடுப்பவர் அதைச் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். எந்தக் கவுன்டரில் நின்றாலும் முதலில் மெதோட்ரெக்சேட்டைச் சொல்லுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சொரியாசிஸுக்கு அசிட்ரெடின் எடுக்கும் பெண் மது குடித்தால், அது உடலில் எட்ரெடினேட் என்ற வேறொரு பொருளாக மாறிக் கொழுப்பில் நெடுநாள் தங்கும். கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும். ஆகவே மருந்து எடுக்கும்போதும் நிறுத்திய பின் 2 மாதமும் மது கூடாது, நிறுத்திய பின் 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது. குழந்தைப் பேறு எதிர்பார்க்கும் பெண்ணுக்கு இந்த மருந்தையே தவிர்ப்பார்கள்.

கேள்வி: என் அண்ணன் 51 வயது, கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். இரண்டு வருடமாகப் புறங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, வடுவாகிறது. லேசாக உரசினாலே தோல் உரிகிறது. கன்னப்பொட்டில் மயிர் அடர்ந்துவிட்டது. சிறுநீர் கடும் டீ நிறம். பூஞ்சைக் களிம்பும் ஸ்டீராய்டும் போட்டு ஓய்ந்தோம். தினமும் கேன் உண்டு; வார இறுதியில் நண்பர்களோடு இரும்புப் பானையில் காய்ச்சிய வீட்டுப் பீர். (ஸ்டாங்கர்)

பதில்: நீங்கள் எழுதிய ஒவ்வொரு அடையாளமும் ஒரே நோயைக் காட்டுகிறது: போர்ஃபிரியா க்யூட்டேனியா டார்டா. பரிசோதிக்காமல் இதை உறுதி என்று சொல்ல மாட்டோம்; ஆனால் களிம்பு மாற்றிக்கொண்டே இருப்பதை இன்றே நிறுத்துங்கள். நோய் கையில் தெரிந்தாலும் அதன் வேர் கல்லீரலில் இருக்கிறது.

ரத்தத்தின் சிவப்புக்குத் தேவையான ஹீம் என்ற பொருளைச் செய்யும் வழியில் போர்ஃபிரின் என்ற இடைப்பொருள் உண்டாகிறது. கல்லீரலில் ஒரு நொதி தடைபட்டால் இது தேங்கி, ரத்தம் வழியாகத் தோலுக்கு வருகிறது. வெயில் பட்டதும் அங்கே வினைபுரிந்து கொப்புளமாகிறது. அந்த நொதியைத் தடுப்பவற்றில் முதன்மையானவை மதுவும், உடலில் தேங்கிய இரும்புச்சத்தும். ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவையும் தூண்டும். இரும்புப் பானையில் புளிக்கும் பீரில் அமிலம் இரும்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் இப்படி உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்வது மருத்துவ நூல்களில் நெடுநாளாக இடம்பெற்ற விஷயம். உங்கள் அண்ணனிடம் மது, இரும்பு, வெயில் மூன்றும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: சிறுநீரிலும் ரத்தத்திலும் போர்ஃபிரின் பரிசோதனை, உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், கல்லீரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. சிறுநீர் மாதிரியை எடுத்தவுடன் அலுமினியத் தாளால் சுற்றிக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் போர்ஃபிரின் சிதைந்து முடிவு பொய்யாகக் குறைந்து வரும்.

இந்த நாட்டில் இன்னொரு போர்ஃபிரியாவையும் விலக்கியாக வேண்டும். வேரிகேட் போர்ஃபிரியா என்ற பரம்பரை வகை தென்னாப்பிரிக்காவில் உலகின் பிற இடங்களைவிட மிக அதிகம். 1688-இல் கேப்பில் மணம் முடித்த டச்சுத் தம்பதி ஒருவரின் சந்ததியில் அது பரவியது என்று வம்சாவளி ஆய்வில் கண்டார்கள். அதுவும் கையில் இதே கொப்புளத்தைத் தரும், கூடவே கடும் வயிற்றுவலி, பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் வரும். சில சாதாரண மருந்துகளே அதைத் தூண்டிவிடும். தமிழ்க் குடும்பத்தில் இதற்கு வாய்ப்பு குறைவு, கலப்புத் திருமணம் உள்ள குடும்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வைத்தியம் வேறு என்பதால்தான் பரிசோதனை அவசியம் என்கிறோம்: கீழே சொல்லும் ரத்தம் எடுக்கும் முறை வேரிகேட் வகைக்குப் பலன் தராது.

உறுதியானால் வைத்தியம் நன்றாகவே பலிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 450 மி.லி. அளவில் ரத்தம் எடுத்து, ஃபெரிட்டின் 20-க்குப் பக்கத்தில் இறங்கும்வரை தொடர்வார்கள். ரத்தம் எடுக்க முடியாதவர்களுக்கு ஹைட்ராக்சிக்ளோரோகுயின் 100 மி.கி., வாரம் இரண்டு முறை. தினசரி முழு அளவில் கொடுத்தால் கல்லீரலிலிருந்து போர்ஃபிரின் ஒரேயடியாக வெளியேறிக் காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் வரும். அளவைக் கூட்டக் கூடாது. கொப்புளம் நிற்கச் சில மாதம் பிடிக்கும். மது முழுமையாக நிற்க வேண்டும், இரும்பு மாத்திரையும் இரும்பு சேர்ந்த டானிக்கும் கூடாது. தினக்குடி என்பதால் முதல் பதிலில் சொன்ன எச்சரிக்கை இவருக்கும் பொருந்தும்.

இதைத் தூண்டுவது 400 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள ஊதா வெளிச்சம். வழக்கமான தெளிவான சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50 ஆனாலும் அதை நிறுத்தாது. டிராக்டரின் கண்ணாடியும் நிறுத்தாது. வெள்ளையாகப் படியும் சிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு களிம்பு, அடர்நெசவுப் பருத்திக் கையுறை, முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, இவைதான் வேலைக்கு ஆகும். கொப்புளத்தை உரிக்காமல், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை அப்படியே மூடியாக விட்டு, வாஸ்லின் தடவிக் கட்டுங்கள்.

கேள்வி: அம்மா போனபின் அப்பா தனியாக இருக்கிறார், 63 வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் குடி, பகலில் மீலி மீல் பாப் (சோளமாவுக் களி). கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் கருத்து உரிகிறது, புறங்கையிலும் அப்படியே. வயிற்றுப்போக்கு ஓயவில்லை, பேச்சில் மறதி. டிபி தடுப்புக்கு ஐசோனியாசிட் எடுக்கிறார். வெயில் அலர்ஜி என்று கிரீம் தந்தார்கள். (வெருலம்)

பதில்: கழுத்து மாலை, வயிற்றுப்போக்கு, மறதி, மூன்றும் சேர்ந்தால் பெலாக்ராவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இது நியாசின் என்ற பி3 வைட்டமின் குறைபாடு. மதுவால் உணவும் குறைகிறது, குடல் வைட்டமினை உறிஞ்சுவதும் குறைகிறது. சோளத்தில் உள்ள நியாசின் உடலுக்கு எளிதில் கிட்டாது; 2003 முதல் இந்த நாட்டில் மீலி மீலில் நியாசின் சேர்ப்பது சட்டம் என்றாலும், ஒரு கிண்ணம் பாப் மட்டும் அவருக்குப் போதாது. ஐசோனியாசிடும் உடல் நியாசின் செய்துகொள்வதைத் தடுக்கிறது. கூடவே தரும் பி6 மாத்திரை நரம்பைக் காக்கும், நியாசின் குறைவை நிரப்பாது.

மறதி தொடங்கியிருப்பதால் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மருந்து விலை குறைவு: நிக்கோட்டினமைடு நாளுக்கு 300 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து, 3 முதல் 4 வாரம், அதோடு தயமினும் பி காம்ப்ளெக்சும். கடையில் நியாசின் என்றே வாங்கினால் அது முகத்தை எரியச் செய்யும் நிக்கோட்டினிக் ஆசிட்டாக இருக்கலாம். நிக்கோட்டினமைடு என்று கேட்டு வாங்குங்கள். வயிறும் வாயும் சில நாளில் தேறும், தோல் ஆறச் சில வாரம் ஆகும். தினம் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, டின் பில்சார்ட்ஸ் மீன் அல்லது ஒரு கைப்பிடி நிலக்கடலை என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். ஐசோனியாசிடை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: 48 வயது. இரவில் உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. மார்பில் சிலந்திக் கால்போல் சிவப்புப் புள்ளிகள். உள்ளங்கை ஓரம் சிவந்திருக்கிறது. இருபது வருடமாகக் குடிக்கிறேன். (டொங்காட்)

பதில்: புள்ளியின் நடுவைப் பென்சில் நுனியால் அழுத்துங்கள். கால்கள் வெளுத்து, எடுத்ததும் நடுவிலிருந்து வெளிநோக்கி ரத்தம் நிறைந்தால் அது சிலந்தி நாளம். ஒன்றிரண்டு நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் இருக்கும். முகம், கழுத்து, மேல்மார்பு, கைகளில் ஐந்துக்கு மேல் இருந்து, உள்ளங்கை மேடுகளும் சிவந்திருந்தால் கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும். கெட்ட கல்லீரல் ஹார்மோன்களைச் சரியாகச் சிதைக்காததால் குழாய்கள் விரிகின்றன. தடிப்பில்லாத அரிப்பு, பித்தநீர் வடிய வழியின்றித் தேங்குவதால் வரலாம். அலர்ஜி மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கேட்காது.

காமாலையை டியூப்லைட்டில் பார்க்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்து, வெள்ளை விழியின் அடிப்பகுதியைப் பாருங்கள். நம்மில் பலருக்கு விழியின் திறந்த பகுதியில் இயல்பாகவே பழுப்பு படிந்திருக்கும், அதைக் காமாலை என்று எண்ணக் கூடாது. நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியிலும் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்திருந்தால் தாமதிக்க வேண்டாம். வயிறு வீக்கம், ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் அன்றே அவசரப் பிரிவு. மது இன்றோடு போதும் என்று நினைத்தாலும் தினக்குடி என்றால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். இடையில் வலிக்குப் பாரசிட்டமால் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: குடியால் தம்பியின் கன்னமும் கண்ணைச் சுற்றியும் கருத்துவிட்டது. மார்க்கெட்டில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்கித் தடவுகிறான். முதலில் வெளுத்தது, இப்போது நீலக் கறுப்பு. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நீலக் கறுப்பு என்றால், ஹைட்ரோகுயினோன் என்ற வெளுக்கும் பொருள் தந்த ஓக்ரோனோசிஸ் என்ற கருமை நோயாக இருக்கலாம். 1975-இல் இந்த நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியதே தென்னாப்பிரிக்க நோயாளிகளை வைத்துத்தான்; 1990-இலேயே அழகுசாதனங்களில் ஹைட்ரோகுயினோனை இந்த நாடு தடை செய்தது. இன்றும் லேபிள் இல்லாமலோ பொய் லேபிளோடோ விற்கிறார்கள், பாதரசமும் கடும் ஸ்டீராய்டும் கலந்தவையும் உண்டு. டியூபை வீசிவிடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஓக்ரோனோசிஸ் படிந்தபின் நீக்குவது மிகக் கடினம் என்பதால் ஒவ்வொரு நாளும் முக்கியம். மாதக்கணக்கில் தடவிய ஸ்டீராய்டை நிறுத்தினால் முகம் சில வாரம் எரிந்து சிவக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவக் கூடாது. மூலக் கருமைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கல்லீரல், சர்க்கரை இரண்டையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: கேனும் கோலாவும் குடித்தால் பரு வருமா? (ஐசிபிங்கோ)

பதில்: மது நேராகப் பருவைத் தரும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. சர்க்கரைக்கு உண்டு. சாதாரணக் கோலாவில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. நான்கு கலவைக்கு ஒரு லிட்டர் போனால் 100 கிராம். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் எடுப்பவர்கள் மட்டும் மதுவை அறவே விடுங்கள். இரண்டும் ரத்தக் கொழுப்பையும் கல்லீரல் நொதிகளையும் ஏற்றும்.

கேள்வி: டர்பன் கடற்கரையில் பார்ட்டிக்கு ஐம்பது எலுமிச்சை பிழிந்தேன். இரண்டு நாள் கழித்துக் கையிலும் தொடையிலும் வழிந்த கோடுகளாகக் கொப்புளம். இப்போது கறுத்துக் கிடக்கிறது. (அம்லாங்கா)

பதில்: எலுமிச்சைத் தோலில், முக்கியமாகப் பச்சை லைமில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது நம் உடம்பின் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் 24 மணியிலிருந்து 72 மணிக்குள் தீக்காயம் போலாகும். சாறு வழிந்த தடத்திலேயே வருவதால் கோடு கோடாகத் தெரிகிறது. மது குடித்திருந்தால் எரிச்சலும் தெரியாது, நிழலுக்கு ஒதுங்கவும் தோன்றாது. கருமை தானாகப் போய்விடும், ஆனால் பல மாதம் பிடிக்கும். அதுவரை அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள், அல்லது எஸ்.பி.எஃப். 50 தடவி இரண்டு மணிக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். வெளுக்கும் கிரீமோ ஸ்க்ரப்போ போட வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்குள்ளேயே பிழிந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு வெளியே போங்கள். குழந்தைகளை அந்தக் கையால் தூக்கினால் அவர்கள் முதுகிலும் விரல் அடையாளமாக இது வரும். முதலில் கையைக் கழுவுங்கள்.